கம்பளத்துக்கு வைத்த பெயர்

டாரன் என்கிற அந்த மனுஷனை எனக்கு முதல் நாளே பிடிக்காமல் போனதற்குக் காரணம் என் கடைப் பலகை.

தகாசாகி ஸ்டேஷனுக்குப் பின்தெருவில் எனக்கு ஒரு சின்ன அலங்காரக் கடை இருக்கிறது. பெயர் 'ஹேர் மேக் சிஸுரு'. தலை அலங்காரமும் செய்வோம், முகத்துக்கு மேக்கப்பும் போடுவோம் என்று அர்த்தம். எங்கள் ஊரில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட இது புரியும். என் தங்கை கனாயேவைக் கட்டிக்கொள்ளப் போகிற நீலுக்கு அண்ணன் இந்த டாரன். கல்யாணத்துக்காக இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கிய கையோடு என் கடை வாசலில் நின்று பலகையைப் படித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். போட்டோ எடுத்தான். தம்பியிடம் ஏதோ கேட்டான்.

"என்னவாம்?" என்றேன்.

"ஒண்ணுமில்லக்கா." நீல் எங்கள் ஊர்ப் பேச்சை எங்களைப் போலவே பேசுவான். பொய் மட்டும் சொல்ல வராது.

"சொல்லு."

"இங்க முடி தயாரிக்கிறாங்களான்னு கேக்குறான். ஃபேக்டரியான்னு."

எனக்குக் கோபம் வந்தால் கையிலிருக்கிற கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுவேன். இத்தனை வருஷத் தொழிலில் நான் கற்றுக்கொண்ட ஒரே அடக்கம் அதுதான். அன்றைக்கும் வைத்தேன். சம்பந்தி வீட்டு ஆள், கடல் தாண்டி வந்திருக்கிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு டீ போட்டுக் கொடுத்தேன். ஆனால் மனசுக்குள் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். எங்கள் கராஓகேயை நீங்கள் 'கேரியோக்கி' என்று கடித்துத் துப்புகிறீர்களே, அப்போது நாங்கள் என்றைக்காவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோமா? வார்த்தையை வாங்கினால் அப்புறம் அது வாங்கினவன் இஷ்டம். நான் காசு கொடுத்து வாங்கிய நாற்காலியில் துணி காயப்போடுவேன். கடைக்காரன் வீடு தேடி வந்து, இது உட்காருவதற்கு அம்மா என்று சிரிப்பானா?

அதோடு விட்டானா என்றால் அதுவும் இல்லை. ஹோட்டலில் காலைச் சாப்பாடு 'பைக்கிங்'. எல்லாவற்றையும் மேஜைமேல் வரிசையாக வைத்திருப்பார்கள், வேண்டியதை வேண்டிய மட்டும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். அந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டு, கொள்ளைக்காரர்கள் எங்கே, அவர்கள் கோடாரி எங்கே என்று பரிமாறுகிற பெண்ணிடம் கேட்டிருக்கிறான். எங்கள் பைக்கிங்தான் இங்கிலீஷில் வைக்கிங், அவர்கள் ஊரில் அது பழைய காலத்துக் கடற்கொள்ளைக்காரர்களாம். முதல் தடவை எல்லோரும் சிரித்தோம், நானும்தான். மறுநாளும் அதையே கேட்டான். அதற்கடுத்த நாளும் கேட்டான்.

என்னைப் பார்த்துச் சிரித்ததைக்கூட விட்டுவிடலாம். அப்பா விஷயம் அப்படியில்லை.

அப்பா கோகுரே ஷோஸோ முப்பது வருஷத்துக்கு மேல் டவுன் பஸ் ஓட்டியவர். வண்டி சம்பந்தமான எந்த வார்த்தையும் அவர் வாயில் இங்கிலீஷாகத்தான் வரும், ஏனென்றால் அதற்கெல்லாம் எங்களிடம் வேறு வார்த்தை புழக்கத்தில் இல்லை. டாரன் வந்த அன்று அவனை ஹோட்டலுக்குக் கொண்டுபோய் விடுவதற்காகத் தன் காரைக் கழுவித் துடைத்து எடுத்து வந்திருந்தார். வழியெல்லாம் பேச்சுக் கொடுத்தார். ஸ்டியரிங்கைத் தட்டி 'ஹாண்டோரு' என்றார். ஹார்னைத் தொட்டு 'குராகுஷோன்' என்றார். முன்கண்ணாடியைக் காட்டி 'ஃபுரொண்டோ கராஸு' என்றார். ஒவ்வொன்றுக்கும் டாரன் தம்பியைத் திரும்பிப் பார்த்தான். கடைசியில் அப்பா என்னைக் காட்டி, "இவ பேப்பர் டிரைவர்" என்றார். லைசென்ஸை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு அப்புறம் வண்டியையே தொடாதவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். டாரன் முகம் மலர்ந்தது. விடியும் முன்னே எழுந்து வீடு வீடாகப் பேப்பர் போடுவது கஷ்டமான வேலை, உங்கள் மகளை நினைத்தால் பெருமையாக இருக்கிறது என்றான்.

நீல் மொழிபெயர்த்துச் சொன்னதும் நான் சிரித்துவிட்டேன். அப்பா சிரிக்கவில்லை. சிக்னலில் வண்டி நின்றபோது என் பக்கம் சாய்ந்து தணிந்த குரலில் கேட்டார்.

"நான் இங்கிலீஷ்லதானே பேசினேன்?"

"ஆமாப்பா" என்றேன். வேறு என்ன சொல்ல?

அதற்குப் பிறகு ஹோட்டல் வரைக்கும் அவர் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார்.

இந்தக் கல்யாணத்தில் கனாயே கேட்டது ஒன்றே ஒன்றுதான். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு பாஜின் ரோடோவில் நடக்க வேண்டும். கல்யாண மண்டபத்துச் சாப்பலில், கதவிலிருந்து பாதிரியார் நிற்கிற மேடை வரைக்கும் கம்பளம் விரித்த பாதைக்கு அதுதான் பெயர். நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. அந்தப் பாதிரியாரும் வாரநாளில் இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிற ஆள்தான். வெள்ளை முகமும் நீள அங்கியும் இருந்தால் போதும், சனி ஞாயிறு பாதிரியார் ஆகிவிடலாம். அதையெல்லாம் யாரும் கண்டுகொள்வதில்லை. பெண்ணைப் பெற்றவன் அவளைக் கையைப் பிடித்து அழைத்து வருகிறானா என்றுதான் எல்லோரும் பார்ப்பார்கள்.

கனாயேவுக்கு இது இரண்டாவது கல்யாணம். முதல் தடவை பாஜின் ரோடோ எல்லாம் கிடையாது. அந்த மாப்பிள்ளை, எங்கள் அப்பா வேலை பார்த்த டிப்போவின் மேலாளர் மகன். அவர்கள் வீட்டில் துக்கம் என்று நகராட்சியில் பதிவு செய்ததோடு சரி. அவன் அடிப்பான். கொஞ்ச காலம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு ஜனவரிச் சாயங்காலம் கைக்குழந்தையோடு அப்பா வீட்டு வாசலில் வந்து நின்றாள். அப்பா கதவைத் திறக்கவில்லை. உள்ளே இருந்தபடியே, "போன வீட்டுக்கே போ. நாளைக்கு டிப்போவுல நான் எந்த முகத்தோட போய் நிக்கிறது?" என்றார். அம்மா அழுதது வெளியே கேட்டதாம். ஜனவரியில் மலையிலிருந்து இறங்குகிற எங்கள் ஊர்க் காற்று எலும்பு வரைக்கும் போகும். அந்தக் காற்றில், பிள்ளையைக் கோட்டுக்குள் வைத்து மூடிக்கொண்டு, நான் போய்ச் சேரும்வரை அவள் அங்கேயே நின்றாள். எப்படியும் கதவு திறக்கும் என்று நினைத்து நின்றாள்.

அப்புறம் என் கடை மாடியில்தான் அவளும் அவள் மகள் கோஹாருவும் இருந்தார்கள். அம்மா செத்தபோது கனாயே கடைசி வரிசையில் உட்கார்ந்து கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. நீல் வந்த பிறகுதான் கொஞ்சம் இளகினார். நீல் இனிப்புப் பெட்டியோடு போய், வாசலில் காலணியைக் கழற்றித் திருப்பி வைத்துவிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்து பெண் கேட்டான். அப்பாவுக்கு அவனைப் பிடித்துப்போனது. அதற்கு அடுத்த வாரம் கனாயே போய், "என்கூட நடப்பீங்களாப்பா?" என்று கேட்டாள். "சரி" என்றார். அந்த ஒரு "சரி"க்காக அவள் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தாள். நானாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

அப்பா வீட்டு நடையில் பழக ஆரம்பித்தார். ஓர் அடி எடுத்து வைக்க வேண்டும், காலைச் சேர்க்க வேண்டும், மறுபடி ஓர் அடி. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நான்தான் மணப்பெண். "பாஜின் ரோடோவுல சடக்குன்னு பிரேக் அடிக்கக் கூடாது. மெதுவா, பஸ்ஸை ஸ்டாப்புல கொண்டு போய் நிறுத்துற மாதிரி" என்று எனக்கே பாடம் எடுத்தார். அந்த வார்த்தை அவருக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. மீன் கடைக்காரனிடம் சொன்னார், பல் டாக்டரிடம் சொன்னார், டிப்போ நண்பர்களைத் தேடிப் போய்ச் சொன்னார். "நவம்பர்ல நான் பாஜின் ரோடோ நடக்கப் போறேன்."

கல்யாணத்தன்று காலையில் கனாயேவின் தலையை நானே செய்தேன். வெளியே காற்று பலமாக இருந்தது, அதனால் வழக்கத்தைவிட ஊசி அதிகம் குத்தினேன். "அக்கா, மண்டையில ஓட்டை விழப்போகுது" என்று சிரித்துக்கொண்டே இருந்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததே இல்லை.

மத்தியானம் ஒத்திகைக்குக் கூப்பிட மண்டபத்துப் பெண் செகிகுச்சி வந்தாள். காதில் கருவி, உதட்டில் அசையாத சிரிப்பு. "அப்பாவோட மார்னிங் ரெடி" என்றாள். கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுக்கிற வால் வைத்த கோட்டு அது, எந்த நேரத்தில் போட்டாலும் எங்களுக்கு மார்னிங்தான். டாரன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, பன்னிரண்டைத் தாண்டிவிட்டதே என்று கண்ணடித்தான். கோட்டுக்குள் கையை நுழைத்துக்கொண்டிருந்த அப்பா அதைப் பார்த்தார்.

சாப்பலில் நாங்கள் சில பேர்தான் இருந்தோம். மேடைக்குப் பக்கத்தில் நீலும் டாரனும், அங்கியோடு பாதிரியார். முன்னால் பூ தூவிக்கொண்டு போவதற்குக் கூடையோடு கோஹாரு. சீக்கிரமே வந்துவிட்ட டிப்போ நண்பர்கள் இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவும் கனாயேவும் கதவருகே கையைக் கோர்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அப்பா, இது சும்மா கம்பளம் இல்லைங்க" என்று ஆரம்பித்தாள் செகிகுச்சி. "இது பொண்ணோட வாழ்க்கை. இந்தக் கதவுதான் அவங்க பொறந்த நாள். ஒரு அடி ஒரு வருஷம்னு நினைச்சுக்குங்க. பொறந்ததுலேருந்து இன்னைக்கு வரைக்கும் நீங்க கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தீங்க, அந்தப் பாதை இது. மேடைகிட்ட போனதும் மாப்பிள்ளை கையில குடுத்துடுவீங்க. முடிஞ்சதும் அவங்க ரெண்டு பேரும் இதே வழியில திரும்பிப் போவாங்க. அது இனிமே வரப்போற காலம்."

வாரத்துக்கு நாலு தடவை அவள் இதை ஒப்பிப்பாள் என்று எனக்குத் தெரியும். இருந்தும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். அப்பா குனிந்து கம்பளத்தைப் பார்த்தார், புதிதாகப் போட்ட ரோட்டைப் பார்ப்பது மாதிரி.

"சரி, அப்பாவும் பொண்ணும் பாஜின் ரோடோவுக்கு வாங்க" என்றாள் செகிகுச்சி.

அவள் பேசியதில் அந்த வார்த்தை மட்டும் டாரனுக்குப் பிடிபட்டது. "வர்ஜின் ரோடு?" என்று திருப்பிக் கேட்டான். நீல் கண்ணாலேயே வேண்டாம் என்றான். டாரன் கனாயேவைப் பார்த்தான். பூக்கூடையோடு நின்ற கோஹாருவைப் பார்த்தான். ஏதோ சொன்னான், சொல்லிவிட்டுச் சிரித்தான். உயரமான கூரை என்பதால் அந்தச் சிரிப்பு மேலே போய்த் திரும்பி வந்தது.

செகிகுச்சியின் முகம் வெளுத்துவிட்டது. பாதிரியார் பைபிளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

"என்ன சொன்னான்?" என்றார் அப்பா.

கனாயேதான் சொன்னாள். அவளுக்கே சிரிப்பு வந்திருந்தது.

"வர்ஜின்னா இங்கிலீஷ்ல கன்னிப்பொண்ணுப்பா. கன்னிப்பொண்ணு நடக்குற பாதைன்னு பேரு வெச்சிருக்கீங்களே, அதுக்குக் கொஞ்சம் லேட்டாயிடலையான்னு கேக்குறாரு."

வார்த்தையைப் பிரித்துப் பார்த்திருந்தால் எனக்கும் அது தெரிந்திருக்கும். யார் பிரித்துப் பார்க்கிறார்கள்? நடைபாதை என்று சொல்வதுபோல வாய் சொல்லிக்கொண்டு போகிறது. பெஞ்சிலிருந்த டிப்போ நண்பர்களில் ஒருவர் தொண்டையைச் செருமினார். அப்பா கனாயேவின் கைக்குள்ளிருந்து தன் கையை உருவிக்கொண்டார்.

"முட்டி வலிக்குது. கதவுலேருந்து நீங்க ரெண்டு பேருமே சேர்ந்து நடந்துக்குங்க. இப்பெல்லாம் அப்படித்தான பண்றாங்க."

சொல்லிவிட்டுப் பக்கக் கதவு வழியாக வெளியே போய்விட்டார். கனாயேவின் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. கோர்த்திருந்த கை கோர்த்தபடியே, மடங்கி, காலியாக இருந்தது.

நான் நேராக டாரனிடம் போனேன்.

"என் பலகையைப் பாத்துச் சிரிச்சே, பொறுத்துக்கிட்டேன். சாப்பாட்டு மேஜையில சிரிச்சே, பொறுத்துக்கிட்டேன். இவ எத்தனை வருஷமா இந்தக் கம்பளத்துக்காகக் காத்துட்டிருக்கா, தெரியுமா உனக்கு? ஒரு வார்த்தைக்காகப் பல்லைக் காட்டினியே, இப்ப நீயே போய் எங்கப்பாவைக் கூட்டிட்டு வா."

அவனுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. ஆனால் காது வரைக்கும் சிவந்துவிட்டான். மன்னிப்பு மன்னிப்பு என்று இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே நீலைப் பார்த்தான்.

"அவன் தப்பா எதுவும் நினைச்சுச் சொல்லலக்கா" என்றான் நீல். "எங்க ஊர்ல கல்யாண வீட்டுல இப்படித்தான் கேலி பண்ணுவாங்க, யாரும் ஒரு பொருட்டா எடுத்துக்க மாட்டாங்க. அவனுக்கே ரெண்டு பிள்ளைங்க பொறந்தப்புறம்தான் கல்யாணம் நடந்துச்சு. அவன் பொண்ணுதான் அன்னைக்குப் பூ தூவினா."

அதைக் கேட்டதும் எனக்கு டாரன்மேல் இருந்த கோபம் அப்படியே அப்பா பக்கம் திரும்பிவிட்டது. நான் பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனேன்.

மண்டபத்துக்குப் பின்னால், குளிர்சாதன எந்திரங்கள் இருக்கிற இடத்தில் சிகரெட் பிடிக்க ஒரு மூலை விட்டிருந்தார்கள். அப்பா அங்கே காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புகைத்துக்கொண்டிருந்தார். கோட்டு வால் படபடவென்று அடித்துக்கொண்டது.

"முட்டி வலியா?" என்றேன்.

"ஆமா."

"நேத்து வரைக்கும் வீட்டு நடையில என்னை இழுத்துட்டு நடந்த முட்டிதானே?"

அப்பா சிகரெட்டை ஒரு இழுப்பு இழுத்தார்.

"அவன் சொன்னது டிப்போ ஆளுங்க காதுலயும் விழுந்துருச்சு" என்றார். "இன்னும் மிச்சப் பேரு வந்து உக்காருவாங்க. எல்லாருக்கும் பரவிடும். அப்படிப் பேரு வெச்ச பாதையில, ஒரு பிள்ளையைப் பெத்து வெச்சிருக்கிறவளைக் கூட்டிட்டு நான் எப்படி நடப்பேன்? மீன் கடைக்காரன் வரைக்கும் சொல்லித் தொலைச்சிருக்கேன். அர்த்தம் தெரியாமப் போச்சு எனக்கு. தெரிஞ்சிருந்தா ஒத்துக்கிட்டே இருக்க மாட்டேன்."

கீழே வைக்கக் கையில் கத்தரிக்கோலும் இல்லை.

"அர்த்தம் தெரியாதா? உங்களுக்கா?" என்றேன். "அந்த ஆளுக்கு அர்த்தம் தெரியும்ப்பா. தெரிஞ்சும் அவனுக்கு அதுல ஒரு மண்ணும் இல்ல. சிரிச்சான், அந்த நிமிஷமே மறந்துட்டான். உங்களுக்கு வார்த்தைதான் தெரியாது. ஆனா அந்த அர்த்தத்தை வெச்சுத்தான் அவளை அளந்தீங்க. அவ பிள்ளையோட வாசல்ல வந்து நின்னாளே, அன்னைக்கு எந்த இங்கிலீஷ்காரன் வந்து உங்களுக்கு அர்த்தம் சொல்லிக் குடுத்தான்? யாரு சிரிச்சா அன்னைக்கு? அடி வாங்கிட்டு வந்த பொண்ணுக்குக் கதவைத் திறக்கல நீங்க. அன்னைக்கும் டிப்போல எந்த முகத்தோட நிக்கிறதுன்னீங்க, இன்னைக்கும் அதே டிப்போ. ரிட்டயராகி இத்தனை வருஷமாச்சு, இன்னும் எந்த முகத்தைப்பா காப்பாத்திட்டு இருக்கீங்க? அம்மா செத்த அன்னைக்குக்கூட அவளைத் திரும்பிப் பாக்கலையே."

"கத்தாதே. யாராவது கேக்கப் போறாங்க."

"கேக்கட்டும்."

கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கனாயே பாவாடையை இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்துக்கொண்டு எனக்குப் பின்னால் நின்றாள். முக்காட்டுத் துணி காற்றில் மேலே எழும்பி எழும்பி விழுந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. அழுதிருப்பாள் என்று பார்த்தேன், மேக்கப் கொஞ்சமும் கலையவில்லை.

"அக்கா, பின்னாடி முடி எதுவும் அவிழ்ந்திருக்கா பாரு" என்றாள்.

"இல்ல."

"சரி." அப்பா பக்கம் திரும்பினாள். குரல் உயரவே இல்லை. "அந்தப் பொண்ணு சொன்னாளே, ஒரு அடி ஒரு வருஷம்னு. எனக்கு அது பிடிச்சிருந்துச்சுப்பா. நீங்க பாதிக்கு மேல என்கூட வந்திருக்கீங்க. சைக்கிள் கத்துக்குடுத்தீங்க. ஸ்கூல் விளையாட்டு விழாவுக்கு ஷிஃப்டு மாத்திட்டு வந்து கத்துவீங்க, எனக்கு வெக்கமா இருக்கும். அதெல்லாம் பொய்யில்ல. அதனால அதுவரைக்கும் வாங்க. மேடைக்குக் கொஞ்சம் முன்னாடி ரெண்டு பக்கமும் வெள்ளைப் பூக்கொத்து கட்டியிருக்கு. அதுகிட்ட நான் நிப்பேன். அங்க என் கையை விட்டுடுங்க."

"ஏன் அங்க?" என்றார் அப்பா.

"அங்கதான விட்டீங்க. மிச்சத்தை நான் தனியாத்தான் நடந்தேன். இன்னைக்கும் நடந்துக்குறேன்."

அப்பாவின் விரலுக்கிடையில் சிகரெட் அப்படியே நின்றது. "எல்லாரும் பாப்பாங்களே" என்றார்.

"பாக்கட்டும். வர்றதுன்னா வாங்க. இல்லைன்னா கதவுலேருந்தே தனியா நடக்குறேன். எனக்குப் பழக்கம்தான்."

அவள் திரும்பிப் போனாள். பேச வேண்டியதை அவள் பேசிவிட்டாள். அப்பா சிகரெட்டை அணைத்தார். பையிலிருந்து வெள்ளைக் கையுறையை எடுத்து மாட்டினார். சுண்டுவிரல் உள்ளே போகவில்லை, இழுத்து இழுத்துப் பார்த்தார். நான் உதவி செய்யவில்லை. மாட்டி முடித்ததும் பக்கக் கதவு வழியாக உள்ளே போனார்.

ஒரு மணிக்குச் சாப்பல் நிரம்பியிருந்தது. நான் வெள்ளைப் பூக்கொத்துப் பக்கத்துப் பெஞ்சில், கம்பளத்தை ஒட்டி உட்கார்ந்தேன். கதவு திறந்தது. கோஹாரு பூவைத் தூவிக்கொண்டே ஓட்டமும் நடையுமாக வந்தாள். அவளுக்குப் பின்னால் அவர்கள் வந்தார்கள். ஓர் அடி, காலைச் சேர்த்து, ஓர் அடி. அப்பா பிசகாமல் நடந்தார். டிப்போ நண்பர்கள் கைதட்டினார்கள். அவர் பக்கத்தில் திரும்பவே இல்லை, கண்ணை நேரே அந்தப் பூக்கொத்தின்மேல் வைத்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் வர வர அவர் அடி சின்னதாகிக்கொண்டே போனது. ஸ்டாப் வந்துவிடக் கூடாது என்று ஓட்டுகிற மாதிரி.

பூக்கொத்தருகே கனாயே நின்றாள். அவர் கையிலிருந்து கையை எடுத்தாள். அவருக்கு எதிரே திரும்பி, முக்காடு தரையில் படுமளவுக்குக் குனிந்து வணங்கினாள். நிமிர்ந்தாள். திரும்பி, மேடைக்குத் தனியாக நடந்தாள். தாங்கள் சொல்லிக்கொடுத்த எந்த முறையிலும் இது இல்லையே என்று செகிகுச்சி கதவருகே காதுக் கருவியைப் பிடித்துக்கொண்டு தவித்தாள். நீல் மேடையை விட்டு இறங்கி வரவில்லை. அவளே வந்து சேரட்டும் என்று காத்திருந்தான். அதற்காகவே அவனை எனக்குப் பிடிக்கும்.

எனக்கு முன்வரிசையில் இருந்த டாரன் கண்ணைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் சாய்ந்தான். தெரிந்த நாலு வார்த்தையைத் தட்டுத் தடுமாறிக் கோர்த்து, "ரொம்ப அழகான பழக்கம். என்ன பேரு?" என்று கேட்டான்.

"பாஜின் ரோடோ" என்றேன்.

இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. பாவம், ஒன்றுமே புரியாமல் பயபக்தியோடு தலையை ஆட்டினான்.

அப்பா கம்பளத்தின் நடுவிலேயே நின்றார். பெண்ணை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் போய் உட்கார வேண்டும் என்றுதான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கொடுக்கவில்லை, அதனால் உட்காரவும் தெரியவில்லை. எத்தனையோ கண்கள் அவர்மேல் இருந்தன. உதட்டை அசைக்காமல் என்னிடம் கேட்டார்.

"சிஸுரு, இப்ப நான் என்ன பண்ணணும்?"

"அங்கேயே நில்லுங்க" என்றேன். "அவ அப்படித்தான் நின்னா."

அவர் நின்றார். பாட்டுக்கு எல்லோரும் எழுந்தபோது நின்றார், பாட்டு முடிந்து எல்லோரும் உட்கார்ந்தபோதும் நின்றார். மோதிரம் மாற்றினார்கள், கையெழுத்துப் போட்டார்கள். செகிகுச்சி சுவரோரமாகவே வந்து அவருக்குச் சைகை காட்டிப் பார்த்தாள். அவர் அசையவில்லை. முட்டி நடுங்கியது எனக்குத் தெரிந்தது. அது நிஜ வலியா என்று எனக்குத் தெரியாது, நான் எழுந்து போகவில்லை.

முடிந்ததும் ஆர்கன் முழங்கியது. கனாயேவும் நீலும் கைகோர்த்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கிக் கம்பளத்தில் திரும்பி வந்தார்கள். இரண்டு பக்கமும் எழுந்து நின்று கைதட்டினார்கள். வழியை அடைத்துக்கொண்டு அப்பா நின்றார். வெள்ளைக் கையுறை போட்ட கைகள் இரண்டும் தொடையோடு ஒட்டியிருந்தன. முகம் நனைந்திருந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. கனாயே அவருக்கு நேரே வந்து நின்றாள். கைதட்டல் கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்தது.

"வழியில நிக்கிறீங்கப்பா" என்றாள். அவள் குரலில் கோபம் அப்படியே இருந்தது, ஒளிக்கவில்லை. நீல் கையிலிருந்து ஒரு கையை விடுவித்து, அதை முழங்கையில் மடக்கிப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டாள். "ஒண்ணு ஒதுங்குங்க. இல்லைன்னா கூட வாங்க."

அப்பா ஒதுங்கவில்லை.